ஒச்சப்பன் அடித்த பம்பர்

என்னைக் கோபக்காரன் என்று ஊருக்குள் சொல்கிறார்களாம். சொல்கிறவன் எவன் என்று தெரிந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன். என் பெயர் சீனிச்சாமி. போடியிலிருந்து முந்தல் போகிற சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒச்சப்பனின் வெல்டிங் பட்டறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். அவன் கிரைண்டரை ஓட்டினால் என் டீயில் இரும்புத்தூள் விழும். பதினாறு வருடமாக அந்த டீயைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவனைப் பற்றி அவன் பெண்டாட்டியின் ஊரான தேவாரம் முழுக்க ஒரு செய்தி பரவியது. பரப்பியது நான்தான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேட்டுவிட்டு யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒச்சப்பனுக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இரும்பு என்றால் அவனுக்கு அப்படி ஒரு கை. அளவெல்லாம் சாணும் நூலும்தான். டேப் ஒன்று வைத்திருக்கிறான்; காற்றில் சாத்திக்கொள்ளும் பட்டறைக் கதவுக்கு அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறான். மலைக்குப் போகும் ஜீப்புகளில் பாதிக்கு மேல் அவன் கை பட்டதுதான். மேலே பாதை கெட்ட பாதை. ஏறும்போது வண்டியின் வால் பாறையில் இடிக்கும், இறங்கும்போது பின்னால் தொங்குகிற ஆட்களோடு சேர்ந்து இடிக்கும். கம்பெனியில் போட்டுத் தருகிற பம்பர் ஒரு மழைக்காலம் தாங்காது. அதைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு ஒச்சப்பனிடம் வருவார்கள்.

நல்ல வேலைக்காரன். ஒரே ஒரு கெட்ட பழக்கம், லாட்டரி. நம் பக்கம் அதை விற்கக் கூடாது என்று எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இவனுக்கு அது ஒரு தடையா? ஏதாவது ஒரு எஸ்டேட் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் போய் வாங்கிவிடுவான். பட்டறைக்கு வரும் வண்டிகளின் நம்பரைக் கூட்டிக் கழித்து டிக்கெட் எடுப்பான். மேலே டிக்கெட் விற்கும் சேட்டன் இவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். பதினான்கு வருடத்தில் அவனுக்கு விழுந்தது ஒரு சில்லறைப் பரிசு. அதற்கும் டிக்கெட்டாகவே வாங்கி வந்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தாள் அவன் பெண்டாட்டி சூர்யகலா. தேவாரத்துப் பெண். ஏலக்காய்க் கடையில் ரகம் பிரிக்கிற வேலை பார்த்தவள். இரண்டு வருடம் முன்பு அவள் அப்பா செத்துப்போனார். உடம்பைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போகிற நேரத்தில் மருமகனைக் காணோம். மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே நிற்கிறார்கள், ஊரே நிற்கிறது, ஒச்சப்பன் இல்லை. அன்றைக்கு ஓணம் பம்பர் லாட்டரிக் குலுக்கல். மருமகன் ஐயா மலை ஏறிவிட்டார். சாயங்காலம் இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். நான் அன்றைக்கு ஊரில் இல்லை.

கலா தேவாரத்திலேயே தங்கிவிட்டாள். ஒரு வருடம் பேச்சே கிடையாது. அப்புறம் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னாள்.

"சீனியண்ணே, ஒரு வருசம் அவரு டிக்கெட்டத் தொடாம இருக்கட்டும். அதுவரைக்கும் எனக்குப் போனும் போடக் கூடாது, இங்க வரவும் கூடாது. நீங்க பக்கத்துலயே இருந்து பாருங்க. இருந்துட்டாருன்னா நான் வர்றேன்."

ஒச்சப்பன் இருந்தான். முதல் மாதம் அவனைப் பார்க்கச் சகிக்காது. ஜீப்பு நம்பரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நம்பர் பிளேட்டில் துணியைப் போட்டு மூடிவிட்டு வெல்டிங் செய்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அந்த ஒரு வருடம் முடிய வேண்டும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் ஐசக்கின் பம்பரை முடித்தான்.

ஐசக் ஏலக்காய் வியாபாரி, குரங்கணிக்கு மேலே தோட்டமும் உண்டு. போனில் ஏதோ வெளிநாட்டு ஜீப்பின் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றார். ஒச்சப்பன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது தார் ரோட்டுல போற வண்டிண்ணே" என்று சொல்லிவிட்டு அவன் இஷ்டத்துக்குச் செய்தான். கனமான இரும்புச் சேனலை வெட்டி, இரண்டு ஓரத்தையும் மேல்நோக்கிச் சரித்தான், பாறையில் இடிக்காமல் இருக்க. மேலே ஆள் நிற்பதற்கு வழுக்காத தகடு. ஸ்டெப்னியைத் தாங்க, கதவு மாதிரித் திறக்கும் ஒரு கை. சேற்றில் சிக்கினால் இழுக்க இரண்டு கொக்கி. வேலை மூன்று வாரம் இழுத்தது. முடித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, தேவாரத்துக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிருங்க. ஐசக் அண்ணன் சோலி முடிஞ்சிருச்சு, நாயித்துக்கெழம நான் வந்து கலாவக் கூட்டிக்கிர்றேன்னு."

எங்கள் பக்கம் இரும்பு வேலையை யாரும் செய்வதில்லை, அடிப்பதுதான். கேட் அடிக்கணும், கிரில் அடிக்கணும், ஏலக்காய்த் தட்டு அடிக்கணும். அப்படித்தான் பேசுவோம். கலாவின் அண்ணன் அழகுராஜாவுக்குப் போன் போட்டேன். அவர் தோட்டத்தில் இருந்தார். யானை இறங்குகிறது என்று சுற்றிலும் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அழகு, சீனிச்சாமி பேசுறேன். நம்ம ஒச்சு பம்பர் அடிச்சிட்டான். நாயித்துக்கெழம வர்றானாம்."

"என்னது? பம்பரா?"

"ஆமாய்யா, பம்பர்தான். இப்பத்தான் அடிச்சு முடிச்சான்."

"நெசமாவாண்ணே?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான சொல்றேன்!"

டமார் என்று ஒரு வெடி. அதோடு லைன் போய்விட்டது. போவதற்கு முன் அந்த மனுஷன் குரல் கம்மியிருந்தது. வெல்டிங் வேலைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் மலைக்கு அந்தப் பக்கம் ஓணம் பம்பர் குலுக்கல் முடிந்திருந்தது, முதல் பரிசு விழுந்தவன் இன்னும் வெளியே வரவில்லை, தமிழ்நாட்டு ஆளாம் என்று பேசிக்கொண்டார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் பஞ்சர் ஒட்டுகிறவன்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்சில் அழகுராஜா வந்து இறங்கினார். கையில் இரண்டு கிலோ அல்வா, ஒரு புது வேட்டி. நீர்மாலைக்குப் பிறகு ஒச்சப்பனின் முகத்தைக்கூடப் பார்க்காத ஆள், ஓடி வந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே! சீனியண்ணே எல்லாத்தையும் சொன்னாரு. எம்புட்டு மாப்ளே?"

"அம்பத்தெட்டு கிலோ மச்சான்."

அழகுராஜா வாயில் கை வைத்தார். "கிலோக் கணக்குலயா?"

"ஐசக் அண்ணன் கடைத் தராசுல தூக்கி வச்சுப் பாத்தோம்ல."

"வரி போகவா?"

"வரி இன்னும் போடல. மஞ்சளும் கருப்புமா போடணும். பெயிண்டு இன்னும் காயல."

அழகுராஜா என்னைப் பார்த்தார். நான் அல்வாவைப் பார்த்தேன்.

"எங்க மாப்ளே வச்சிருக்கீங்க?"

"ரோட்டுலதான் நிக்குது."

"ரோட்டுலயா! எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட்டா?"

"எட்டு போல்ட்டுப் போட்டு முறுக்கியிருக்கேன் மச்சான். எவன் அசைக்க முடியும்?" என்று பெருமையாகச் சொல்லி, அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய் ஐசக்கின் ஜீப்புக்குப் பின்னால் நிறுத்தினான். அழகுராஜா குனிந்து பார்த்தார். வண்டிக்கு அடியில் பார்த்தார். ஸ்டெப்னிக் கையைத் திறந்து உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதான். நல்லாருக்கா?"

அல்வாப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் விஷயத்தைச் சொன்னார். ஒச்சப்பன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

"பம்பர் அடிச்சிட்டான்னு சொன்னேன். அடிச்சியா, இல்லயா?"

அவன் அழகுராஜா பக்கம் திரும்பினான். "கலாகிட்டச் சொல்லிட்டீங்களா மச்சான்?"

"தெருவுக்கே சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. உள்ள போயிக் கதவச் சாத்துனா. நான் கெளம்புறப்பவும் தெறக்கல."

ஒச்சப்பன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். டிக்கெட் வாங்காமல் பம்பர் விழாது. வாங்கினான் என்றால் அவள் வர மாட்டாள். "முந்நூத்தி அறுவத்தி நாலு நாளுண்ணே" என்றான். கலாவுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஐசக் வந்தார், வண்டியை எடுத்துக் குரங்கணிப் பாதையில் ஓட்டிப் பார்ப்பதற்கு. விஷயத்தைச் சொன்னோம். தேவாரத்துக்கு வண்டி வேண்டும் என்றேன்.

"தேவாரம் ரோட்டுல பாறையே இல்லயேப்பா" என்றார்.

"மொதலாளி, அவன் குடும்பம் போகுது. நீங்க பாறையத் தேடுறீங்க?" என்று கத்திவிட்டேன். இதைத்தான் கோபம் என்கிறார்கள் போல. ஐசக் சாவியைப் போட்டார்.

நான்கு பேரும் கிளம்பினோம். அழகுராஜா அல்வாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்து வந்தார்.

தேவாரத்தில் தெருவே காத்திருந்தது. கூட்டத்தை விலக்கி ஜீப்பை ரிவர்ஸில் விட்டு, வண்டியின் பின்புறம் வாசலைப் பார்க்கும்படி ஐசக் நிறுத்தினார். ஒச்சப்பன் இறங்கி, சாத்திய கதவுக்கு முன்னால் நின்றான்.

"கலா, நான் டிக்கெட்டு வாங்கல. பம்பரு வண்டியோட பம்பரு. வந்து பாரு."

தாழ்ப்பாள் விலகியது. கலா வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. வண்டியின் பின்னால் வந்து நின்று, ஏலக்காயில் ரகம் பார்க்கிற மாதிரி அந்தப் பம்பரை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் பார்த்தாள்.

"இதா?"

"இதான்."

"டிக்கெட்டு?"

"தொடல."

என்னைப் பார்த்தாள். "தொடலம்மா. எனக்குத் தெரியாம அவனால தும்மக்கூட முடியாது" என்றேன்.

அதைக் கேட்டும் அவள் முகம் தெளியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஒச்சப்பனிடம் மட்டும் சொல்கிற குரலில் சொன்னாள். தெரு முழுக்க அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"நான் கோவத்துல கதவச் சாத்தல. அண்ணன் வந்து பம்பரு விழுந்துருச்சுன்னு சொன்னதும் எனக்குக் கோவம் வந்திருக்கணும்ல? வரல. சந்தோசந்தான் வந்துச்சு. வீட்டுக்குத் தளம் போடலாம், அது வாங்கலாம், இது வாங்கலாம்னு மனசு ஓடுது. ரெண்டு வருசம் உங்கள வேணாம்னுட்டு உக்காந்திருந்தது இதுக்குத்தானா, இம்புட்டுத்தானா நானுன்னு ஆயிப் போச்சு. அசிங்கமா இருந்துச்சு. அதான் சாத்துனேன்."

ஒச்சப்பன் விழித்தான். யோசித்துவிட்டு, "அப்ப ஒண்ணு வாங்கியிருக்கலாமோ?" என்று கேட்டான். அவன் பிடரியில் ஒன்று போடலாம் என்று கையை ஓங்கிவிட்டேன். ஐசக் பிடித்துக்கொண்டார்.

"விழுந்திருந்தா நான் வந்திருக்க முடியாது" என்றாள் கலா. "துட்டுக்காக அவ வந்துட்டான்னு ஊரு பேசும். ஊரு கெடக்கட்டும். என்னைக்காச்சும் ஒருநாள் சண்டையில நீங்களே சொல்லிருவீங்க."

எந்தப் புருஷனும் அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கே தெரியும். சொல்ல மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சத்தியம் வேண்டுமானாலும் செய்யலாம், காசா பணமா? ஒச்சப்பன் வாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தான்.

"சொல்லியிருப்பேன்" என்றான்.

தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். கலா அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். நாங்கள் நின்றோம். அழகுராஜா அல்வாவைப் பிரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தார், இனி வைத்திருந்து என்ன ஆகப் போகிறது என்று.

கலா திரும்பி வரும்போது கையில் துணிப்பை இருந்தது. நேராக ஜீப்புக்கு வந்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, ஒரு வருசம் நாளைக்குத்தான முடியுது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் பையைத் தூக்கி ஒச்சப்பன் கையில் கொடுத்தாள்.

"மிச்சம் ஒரு நாளுதானண்ணே? அத என் கண்ணு முன்னாடி இருந்து ஓட்டட்டும்."