குவான் அக்காவின் மஞ்சள் துணி

எங்கள் ஆறு மாடிக் கட்டிடத்தின் படிக்கட்டில் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் பத்து வீட்டு ஜன்னலோரத்தில் கிளைவியா பூச்செடி இருக்கிறது. சாங்சுன் நகரத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அந்தப் பத்துச் செடிகளும் தன்னுடையவை என்றே ஆறாவது மாடி குவான் அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தலைவலி அங்கேதான் தொடங்கியது.

குவான் அக்காவுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டியவர். ஒவ்வொரு நடைக்கும் முன்னால் முன்கண்ணாடியைத் துடைத்துப் பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. கணவர் காலமாகிவிட்டார், மகள் தெற்கே எங்கோ வேலையில். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோட்டுப் பையில் ஒரு மஞ்சள் துணியும் கையில் பாதி பாட்டில் பீருமாக இறங்குவார். மேலிருந்து கீழாக, கதவு திறக்கும் ஒவ்வொரு வீட்டுச் செடியையும் இலை இலையாகத் துடைப்பார். கிளைவியாவுக்குப் பூ ஒரு மாதத்து அழகுதான். வருடம் முழுக்க வீட்டு மானத்தைக் காப்பது இலை. பீர் தொட்டுத் துடைத்தால் அது மின்னும். அந்தத் துணியை மட்டும் அவர் துவைத்ததே இல்லை. புதுத் துணி இலையைக் கீறுமாம், சோப்பு மினுக்கத்தைக் கெடுக்குமாம்.

நான் மூன்றாவது மாடி, பெயர் ஹாவ். தெருமுனை மருந்துக்கடையில் வேலை. என் செடியைத் துடைக்கும் சாக்கில் என்னையும் துடைத்து எடுத்துவிட்டுத்தான் அவர் போவார்.

"ஏண்டி ஹாவ், இது செடியா, பஸ் ஸ்டாண்டு பெஞ்சா? ஊருக்கே மருந்து குடுக்கிறவ, வீட்ல இருக்கிற ஒத்தைச் செடிக்குத் தண்ணி குடுக்கத் தெரியலையே!"

"வாரத்துக்கு ஒரு தடவை ஊத்துறேனே அக்கா."

"குளிர்காலத்துல யாருடி வாரா வாரம் ஊத்துவா? வேரு அழுகிடும்!"

ஊற்றினாலும் திட்டு, ஊற்றாவிட்டாலும் திட்டு.

அக்டோபர் கடைசியில் வீடுகளுக்குச் சூடேற்றும் குழாய்களைத் திறந்துவிட்டார்கள். அடுத்த பத்து நாளில் இலைகள் என்றுமில்லாதபடி பளபளத்தன. குவான் அக்காவிடம் 'துறவி' என்ற ரகத்தில் பெரிய செடி ஒன்று உண்டு. மொட்டைத் தலைபோல உருண்ட இலைநுனி அதற்கு. அதைப் படம் பிடித்து எங்கள் படிக்கட்டு ஃபோன் குழுவில் போட்டு, 'எல்லாம் என் துணியின் மகிமை' என்று எழுதினார். நாங்களும் கட்டைவிரல்களை அனுப்பினோம். அது மினுக்கமில்லை, பிசுக்கு என்பது மறுவாரம் தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இலையின் அடிப்பக்கம், நடு நரம்பு நெடுக, எள்ளை ஒட்டவைத்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். செதில் பூச்சி! அது சாற்றை உறிஞ்சிவிட்டு ஒழுகவிட்ட இனிப்புத் தண்ணீருக்குத்தான் நாங்கள் கட்டைவிரல் காட்டியிருக்கிறோம்.

அன்று சாயங்காலமே குழுவில் குவான் அக்காவின் தீர்ப்பு வந்துவிட்டது. 'ஐந்தாவது மாடி ஜியாவ் செப்டம்பரில் எனக்குக் கொடுத்த கன்றில்தான் பூச்சி வந்தது. அவரிடம் கன்று வாங்காதீர்கள்.'

ஜியாவ் அக்கா வேறு யாரோ இல்லை. குவான் அக்கா ஓட்டிய டிராமில் பத்தொன்பது வருடம் டிக்கெட் கொடுத்தவர். புத்தாண்டுக்கு முந்தின நாள் இரண்டு பேரும் சேர்ந்து மாவு பிசைந்து, புளித்த முட்டைக்கோஸ் வைத்துக் கொழுக்கட்டை பிடித்து, ஜியாவ் அக்கா வீட்டில்தான் சாப்பிடுவார்கள். குவான் அக்காவுக்கு அந்த ஒரு வீட்டை விட்டால் பண்டிகைக்குப் போக இடமில்லை. இந்த வருடம், "கடையில உறைய வச்சது விக்குது, வாங்கித் தின்னுக்கறேன்" என்று படிக்கட்டு அதிரச் சொல்லிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எங்கள் பாடு திண்டாட்டம். வெளியே உறைபனி, உள்ளே கோடை. பூச்சிக்கு ராஜ வாழ்க்கை. ஒருவர் வினிகர் தெளித்தார், இன்னொருவர் புகையிலையை ஊறவைத்து ஊற்றினார். இரண்டாவது மாடி தெங் அண்ணன் சோளச் சாராயம் தடவி, மிச்சத்தைத் தானே குடித்து, இரண்டு பேருக்கும் குணம் தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். நான் ஞாயிறு தவறாமல் பல்குச்சியால் சுரண்டினேன், ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றினேன். புதன்வரை இலை சுத்தமாக இருக்கும். வெள்ளிக்கிழமை பார்த்தால் புதுக் குடித்தனம். வியாழக்கிழமை இடையில் வருவது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

எல்லோரும் ஸ்பிரிட் வாங்க என் கடைக்குத்தான் வந்தார்கள். முதலில் ஆறாவது மாடி, பிறகு ஐந்து, பிறகு நாலாவது மாடி வலப்பக்கம், பிறகு நான், பிறகு தெங் அண்ணன். நாலாவது மாடி இடப்பக்கத்து இளம் ஜோடி மட்டும் வரவே இல்லை. ஒருநாள் அந்தப் பெண் இருமல் மருந்துக்கு வந்தபோது கேட்டேன்.

"எங்க செடிக்கு ஒண்ணுமில்லையே. தூசிதான். அந்த அக்காவை நாங்க உள்ளே விடறதில்லை. ரொம்பத் திட்டுறாங்க."

ஆறிலிருந்து கீழே பூச்சி வந்த வரிசை, அந்த மஞ்சள் துணி இறங்கும் வரிசையேதான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! நேராக ஜியாவ் அக்காவிடம் ஓடினேன்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் அவர், முட்டைக்கோஸ் ஜாடியைக் கிளறிக்கொண்டே. "துணியைத் துவைடின்னு சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலம்தான் என் பேரை நாறடிச்சா."

"நீங்களும் குழுவுல பதில் போட வேண்டியதுதானே?"

"எதுக்கு? எல்லா வீட்டுக் கதவையும் அவ மூஞ்சியில சாத்தவா? வியாழக்கிழமையும் போச்சுன்னா வாரத்துல அவளுக்கு வேற என்ன இருக்கு? அந்தத் துணியோட என் வாசப்படி ஏறாதேன்னு மட்டும்தான் சொன்னேன்."

"உங்க பெருந்தன்மைக்கு எங்க செடியெல்லாம் பலியா அக்கா?"

"என் செடியும்தான்டி போகுது!" என்று ஜாடியை மூடினார்.

இரண்டு கிழங்களின் ரோஷத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆத்திரம் எனக்கு. கடையில் வயதானவர்கள் மருந்து அட்டையைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறோம். அடுத்த வியாழன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குவான் அக்கா வந்ததும் துணியைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தட்டில் விரித்தேன்.

"பாருங்க."

குனிந்து பார்த்தார். மடிப்புக்குள் பொடிப்பொடியாக மஞ்சள் புள்ளிகள்.

"தூசி," என்றார்.

"தூசிக்குக் கால் இருக்கா அக்கா? அது நடக்குது பாருங்க. ஓடு முளைக்காத குஞ்சு. ஆரம்பத்துலேர்ந்தே உங்களை உள்ளே விடாத வீடு ஒண்ணே ஒண்ணு, நாலாவது மாடியில. அங்க ஒரு பூச்சி இல்லை."

கத்துவார் என்று நினைத்தேன். பூதக்கண்ணாடியை வாங்கி, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார்.

"ஜியாவ் அப்பவே சொன்னா," என்றார். துணியை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு, பீர் பாட்டிலை மறந்து, கதவைச் சாத்தாமல் போய்விட்டார். இத்தனை நாள் திட்டு வாங்கியதற்கு எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அழுகை வந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

புத்தாண்டுக்கு முந்தின நாள் காலை கதவு தட்டப்பட்டது. குவான் அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் பேசினோடு நின்றார். உள்ளே, வீட்டுக்கு ஒன்றாக எண் எழுதிய பல் பிரஷ்கள், வீட்டுக்கு ஒன்றாகக் கத்தரித்த துணித் துண்டுகள்.

"வாடி. ஸ்பிரிட் உன் பொறுப்பு."

இந்த முறை கீழிருந்து மேலே. ஒவ்வொரு இலையையும் பிரஷ்ஷால் தேய்த்து, அந்த வீட்டுத் துண்டை அந்த வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தார். கொடுமை என்னவென்றால் எல்லோரும் அவரைக் கும்பிடாத குறையாகப் புகழ்ந்தார்கள். தெங் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே உறைய வைத்திருந்த பேரிக்காயை எடுத்துவந்து நீட்டினார்.

"உங்களை மாதிரி யாரு அக்கா செய்வா! யாரோ கொண்டுவந்த பூச்சிக்கு நீங்க இந்தப் பாடுபடறீங்களே."

குவான் அக்கா பிரஷ்ஷை பேசினில் எறிந்தார்.

"நன்றி சொல்லித் தொலைக்காதீங்கய்யா! இதைக் கொண்டுவந்ததே நான்தான்! ஜியாவ் இல்லை, நான்! என் துணி!"

தெங் அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "சரி, அதனால என்ன, பேரிக்காய் எடுத்துக்கங்க."

அதன் பிறகு ஒவ்வொரு வாசலிலும் அவரே முந்திக்கொண்டார். "பூச்சி கொண்டுவந்தவ வந்திருக்கேன், கதவைத் திறங்க!" நாலாவது மாடி இடப்பக்கம் மட்டும் மூடிய கதவைப் பார்த்து, "தூசியோடவே இருங்க, நல்லது!" என்று கத்திவிட்டு நடந்தார்.

ஐந்தாவது மாடியில் அவர் என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். நான்தான் தட்டினேன். கதவு திறந்ததும் புளித்த முட்டைக்கோஸ் வாசனை வந்தது. ஜியாவ் அக்கா குவான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டுப் பையைப் பார்த்தார்.

"துணி எங்கே?"

"எரிச்சிட்டேன்."

"பீரு?"

"இவ வீட்ல."

"அப்ப உள்ளே வா. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. மாவு பிசையணும்."

குவான் அக்கா பேசினை என் கையில் திணித்துவிட்டு, செருப்பைக்கூட மாற்றாமல் உள்ளே போனார். ஜியாவ் அக்கா வீட்டுச் செடி மொத்தத்தையும் அன்று நான் ஒருத்தியே சுரண்டினேன்.