வழி தெரிந்துபோன கண்ணாடி வீடு

போன சனிக்கிழமை பாலம் தாண்டி ஜுருவுக்குப் போயிருந்தோம். பழைய கார் விற்கிற கடையில் காடி ஒன்று பார்க்க.

பார்ப்பது என் கணவரின் வேலை. பானெட்டைத் திறப்பார், மூடுவார், டயரை உதைப்பார்... பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற மனிதருக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் பார்த்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். நான் முகம் கழுவலாம் என்று கடையின் பின்பக்கம் போனேன்.

அங்கே சுவரில் ஒரு கண்ணாடி சாய்ந்து நின்றது. ஆளுயரம். வளைந்த கண்ணாடி. எந்தப் பொருட்காட்சியிலிருந்து யார் கொண்டுவந்து போட்டார்களோ. அதில் என் கழுத்து ஒரு முழம் இருந்தது. இடுப்பு தண்ணீர்த் தொட்டி மாதிரி. கால் இருக்கிற இடமே தெரியவில்லை.

சிரித்தேன். கையை ஆட்டினேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தேன். இரண்டு பிள்ளை பெற்றவள் செய்கிற காரியமா?

என்னைத் தேடிக்கொண்டு வந்த கணவர் நின்று பார்த்தார். பிறகு கேட்டார்.

"நீ கண்ணாடி வீட்டுல வேலை செஞ்ச ஆளாச்சே, ஸ்டெல்லா. இன்னுமா உனக்கு அலுக்கல?"

நல்ல கேள்வி. அன்றைக்குக் காடி வாங்கவில்லை. கேள்வியை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஆசைப்பட்ட இடத்திலேயே வேலை கிடைத்தால் அந்த ஆசை என்ன ஆகும்? சாக்லேட் ஃபேக்டரிக்காரர் வீட்டுக்குப் போய் சாக்லேட் சாப்பிடுவாரா? தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர் படத்தைப் பார்த்து அழுவாரா? உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு — ஒரு மாத அனுபவம்.

எழுபதுகளின் கடைசி. ஜெலுத்தோங் ஃபிளாட்டில் நாங்கள் ஐந்தாவது மாடி. ஆண்டு முடிகிற சமயம் பெஸ்தா பொருட்காட்சி வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. திடல் முழுக்கக் கலர் விளக்கு, ராட்டினம், சோளம் வாட்டுகிற வாசனை, நாலு மொழியிலும் கத்துகிற ஸ்பீக்கர்... அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை அழைத்துப் போவார். ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு விளையாட்டு. அது அவர் போட்ட சட்டம். அக்கா ராட்டினத்தில் ஏறுவாள். நான் கண்ணாடி வீட்டுக்குள் போவேன். எட்டு வயதிலிருந்து பதினேழு வயது வரை, ஒரு வருஷம்கூட மாற்றவில்லை.

கண்ணாடி வீடு என்றால் பெரிய மாளிகை இல்லை. கூடாரத்துக்குள்ளே கண்ணாடிச் சுவர்களை நிறுத்தி அமைத்த சுற்றுவழி. சில சுவர் முகம் பார்க்கிற கண்ணாடி. சில சுவர் ஊடுருவித் தெரிகிற வெறும் கண்ணாடி. சில இடத்தில் ஒன்றுமே இருக்காது — அதுதான் வழி. எது எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நுழைந்த மூன்றாவது அடியில் நீங்கள் பத்துப் பேர் ஆகிவிடுவீர்கள். பத்துப் பேருக்குமே வழி தெரியாது! அப்போது வயிற்றுக்குள் ஜிலீர் என்று ஒன்று ஓடும் பாருங்கள்... அதற்காகத்தான் மிச்சம் பதினோரு மாதமும் நான் காத்திருந்தது.

ஐந்தாம் படிவப் பரீட்சை முடிந்த வருஷம், அந்தக் கண்ணாடி வீட்டு வாசலில் ஓர் அட்டை தொங்கியது. வேலைக்கு ஆள் வேண்டுமாம்.

வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே என்றுகூடத் தோன்றவில்லை. நேராக முதலாளித் தவுக்கேயிடம் போய் நின்றேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டும், உள்ளே மாட்டிக்கொண்டு தவிக்கிறவர்களை வெளியே கூட்டிவர வேண்டும், முடியுமா என்று கேட்டார். முடியுமாவா?

வீட்டில் பூகம்பம். அப்பா துறைமுக ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சாயங்காலம் வீடு திரும்பும்போதும் இஸ்திரி மடிப்பு அப்படியே இருக்கும். பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபேக்டரி ஒன்றில் ஜனவரியிலிருந்து எனக்கு வேலை உறுதியாகியிருந்தது. ஃபேக்டரி பஸ் ஃபிளாட் வாசலுக்கே வரும். அதுவரைக்கும் மரியாதையாக வீட்டில் இருந்தால் என்ன என்பது அவர் வாதம். அம்மா இரண்டு நாள் பேசிப் பேசி அவரைக் கரைத்தார். கடைசியில் அப்பா இவ்வளவுதான் சொன்னார்.

"கிராணி மக பெஸ்தாவுல கண்ணாடி தொடைக்கறான்னு யாராச்சும் கேட்டா, நான் என்னா சொல்றது? சரி, போ. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்."

போனேன். பறந்து போனேன்.

அங்கே என்னோடு இரண்டு பேர். டிக்கெட் கொடுக்கிற மலாய் அக்கா, காக் ரொக்கியா — ஸ்பீக்கரே தேவைப்படாத குரல். கண்ணாடிகளைப் பூட்டிக் கழற்றுகிற தச்சர் சின்னையா அண்ணே — அவர் பேசி நான் கேட்டதில்லை. வாயில் எப்போதும் நாலு ஸ்க்ரூ வைத்திருப்பார், எப்படிப் பேசுவது?

ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் வினிகர், ஒரு கட்டுப் பழைய பேப்பர். இதுதான் என் ஆயுதம். ஆங்கிலப் பேப்பரால் துடைத்தால் மை ஒட்டும். மலாய்ப் பேப்பர் பரவாயில்லை. பளபளப்பு வேண்டுமென்றால் தமிழ்ப் பேப்பர்தான். மொழிப்பற்றில் சொல்லவில்லை, ஒரு மாதம் துடைத்த கை சொல்கிறது.

அழுக்கைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம். இடுப்பு உயரத்தில் பிசுபிசுப்பான கை — குழந்தை. முகத்துக்கு நேராக உதட்டுச் சாயம் — காதலனோடு வந்தவள், எதை முத்தமிட்டாளோ. நெற்றி உயரத்தில் வட்டமாகத் தேங்காய் எண்ணெய் — சந்தேகமே இல்லை, நம்மவர். அதை மட்டும் இரண்டு தடவை துடைக்க வேண்டும்.

முதல் நாள் வாளியும் கையுமாக மூன்று முறை தொலைந்தேன். என்ன ஆனந்தம்! சம்பளம் கொடுத்து அல்லவா என்னைத் தொலையவிடுகிறார்கள். இரண்டாம் நாள் ஒரே முறை. மூன்றாம் நாள் தரையைக் கவனித்துவிட்டேன். ஜனங்கள் நடக்கிற இடத்தில் பலகை தேய்ந்து வெளுத்திருந்தது. வெளுத்த பலகை மேலேயே போனால் வாசல். நாலாம் நாள், கூட்டம் வருவதற்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. ஓரிடத்திலும் இடிக்கவில்லை.

வெளியே வந்து கண்ணைத் திறந்தேன். பெருமையாக இருக்க வேண்டும், இல்லையா?

அழுகை வந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷத்து ஆசையை நாலே நாளில் தின்று தீர்த்துவிட்டேனே! காக் ரொக்கியா ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சிராப் தண்ணீர் வாங்கிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு அது வெறும் வேலை. உள்ளேயிருந்து யாராவது 'ஆ' என்று கத்தினால், முன்னெல்லாம் எனக்கும் சிலிர்க்கும். இப்போது — போச்சு, இன்னொரு எண்ணெய் வட்டம்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காக் ரொக்கியா கூப்பிட்டார். ஓர் இந்திய அங்கிள் உள்ளே போய் இருபது நிமிஷமாகியும் வெளியே வரவில்லையாம், போய்ப் பார் என்றார். துணியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு திருப்பம் தாண்டியதும் வெள்ளைச் சட்டை தெரிந்தது. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு.

அப்பா!

வரமாட்டேன் என்று சொன்னவர். கையை முன்னால் நீட்டிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தார். எதிரே ஒருவர் வந்தார். அப்பா மரியாதையாக ஒதுங்கி நின்றார். அவரும் ஒதுங்கினார். அப்பா 'சாரி' என்றார். அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது, எதிரே வந்ததும் தான்தான் என்று.

கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். தோள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தனியாக, சத்தமாக. பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். அதாவது, கண்ணாடியில் தெரிந்த யாரோ ஒரு ஸ்டெல்லாவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"கிட்ட வராத, ஸ்டெல்லா. வழி சொல்லிடாத. நானே கண்டுபிடிக்கறேன்."

நான் அவருக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் நின்றேன். துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். மேலும் கால் மணி நேரம் ஆனது அவருக்கு. வெளியே வந்தபோது தலை கலைந்திருந்தது, சட்டை கசங்கியிருந்தது. காலரைச் சரிசெய்துகொண்டார். நேராகக் காக் ரொக்கியாவிடம் போய் இன்னொரு டிக்கெட் வாங்கினார்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதி பொறாமை. பெற்ற அப்பாமேலேயே பொறாமை! ஒரே ஒரு தடவை இவரைப் போலத் தொலைந்துவிட்டால் போதும், நிம்மதியாக ஃபேக்டரிக்குப் போய்விடுவேன் என்று காக் ரொக்கியாவிடம் புலம்பினேன். பக்கத்தில் சின்னையா அண்ணே ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா இல்லையா, நான் கவனிக்கவில்லை.

பெஸ்தாவின் கடைசி நாள். அதுவும் ஞாயிறு. நான் வழக்கம் போல் மூன்று மணிக்குப் போனேன். உள்ளே நுழையும் முன்பே காக் ரொக்கியா என்னைத் துரத்தினார். பழைய பேப்பர் தீர்ந்துவிட்டது, வாங்கி வா. வாங்கி வந்தேன். வினிகர் இல்லை, போ. போனேன். ஐஸ் வேண்டும்... கடைசி நாளில் ஏன் இப்படி வாட்டுகிறார் என்று எரிச்சலாக இருந்தது. நாலரை மணிக்குத் திரும்பி வந்தால், இரண்டு பேரும் வாசலில் நிற்கிறார்கள். வேர்த்து ஊற்றுகிறது. சின்னையா அண்ணே வாயில் ஒரு ஸ்க்ரூகூட இல்லை.

"உள்ள போய்ப் பாரும்மா. இன்னிக்கு நீ தொடைக்க வேணாம் லா." முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன்.

விடிந்ததிலிருந்து அவர் ஒவ்வொரு கண்ணாடியாகக் கழற்றியிருக்கிறார். காக் ரொக்கியா ஒரு பக்கம் பிடிக்க, எல்லாவற்றையும் இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறார். வெளுத்த பலகைகளைக்கூடப் பெயர்த்து வேறு வேறு இடத்தில் போட்டுவிட்டார். தவுக்கேயிடம் சொல்லவே இல்லை! ஒரு கண்ணாடி கைதவறியிருந்தால் அவர் வேலை போயிருக்கும். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு.

உள்ளே போனேன். முதல் அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில், என் கால் நன்றாக அறிந்த வழியில் — மூக்கு ணங்கென்று மோதியது.

உயிர் போகிற வலி. கண்ணில் தண்ணீர். நிமிர்ந்தால் எதிரே பத்து ஸ்டெல்லா, பத்துப் பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு... ஒருத்திக்கும் வழி தெரியவில்லை. வயிற்றுக்குள் ஜிலீர்!

வந்துவிட்டது. இடது பக்கம் ஓடினேன் — சுவர். வலது — நானே. பின்னால் திரும்பினால் வந்த வழியும் காணோம். வாய்விட்டுச் சிரித்தேன்.

ஐந்து மணிக்கு வெளியே தவுக்கேயின் குரல் கேட்டது. விஷயம் தெரிந்துவிட்டது. மலாயும் ஹொக்கியன் சீனமும் கலந்து கத்தினார். நடுநடுவே சின்னையா அண்ணே பெயர் விழுந்தது. என் சிரிப்பு நின்றுபோனது. என்னை இழுத்துவரத் தவுக்கேயே உள்ளே வந்தார். அவர் சிலிப்பர் சத்தம் கேட்டது. சரக், சரக், சரக்... ணங். மறுபடி சரக், சரக்... ணங்.

தவுக்கேயும் தொலைந்துவிட்டார். அவருடைய கண்ணாடி வீட்டிலேயே!

வாசலில் கூட்டம் நெருக்கியது போலிருக்கிறது. காக் ரொக்கியா ஆட்களை உள்ளே விட்டுவிட்டார். மனைவி பிள்ளைகளோடு ஒருவர் என்னிடம் வந்து முட்டினார். என் சட்டையில் கண்ணாடி வீட்டின் பெயர் இருந்தது.

"தங்கச்சி, நீங்க இங்க வேலை செய்றவங்கதானே? வெளிய போற வழி எதும்மா?"

"தெரியாதுண்ணே," என்றேன். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

அரை மணி நேரம் கழித்து வெளியே விழுந்தேன். தவுக்கே எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார் — நுழைந்த வாசல் வழியாகவே. படியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே சின்னையா அண்ணே கைகட்டி நின்றார். தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தவுக்கே, அடுத்த ஊரிலும் இதே மாதிரி பூட்ட முடியுமா என்று மலாயில் கேட்டார். சின்னையா அண்ணே தலையசைத்தார். அவ்வளவுதான். ஸ்க்ரூக்களை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆகவே, கேள்விக்குப் பதில். ஆசைப்பட்ட இடத்தில் வேலை செய்தால் மாயம் கலைந்துபோகுமா? போகும். நாலே நாளில் போகும், நான் சாட்சி. ஆனால் ஊருக்காகக் கட்டிய கண்ணாடி வீட்டில் நான் பத்து வருஷம் தொலைந்திருக்கிறேன். எனக்காகவே கட்டிய கண்ணாடி வீட்டில் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள், டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்குக் கிடைக்காது. உள்ளே வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான், அதிர்ஷ்டம் இருந்தால்.

மறுநாள் காலை ஃபேக்டரி பஸ் ஏறினேன். மைக்ராஸ்கோப்பில் முகத்தைப் பதிக்க முடியாமல் மூக்கு வீங்கிக் கிடந்தது. என்ன ஆயிற்று என்று சூப்பர்வைசர் கேட்டார்.

வேலையில் அடிபட்டது என்றேன். பொய் இல்லையே!