இரண்டு டிஸ்குக்கும் பொட்டு

அடையாள அட்டைப் படங்களை நாலு நாலாக வெட்டி உறைக்குள் போட்டுக்கொண்டே எழுதுகிறேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற நேரம்தான் பேனாவுக்கு. ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறவளுக்கு ஊர் முகமெல்லாம் பழக்கம், தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றுதான் தெரியாது. கடைகளில் நிற்கிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

காவல்

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் கூட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது, படம் வெட்டுவது என் வேலை. தேயிலைத் தோட்டத்து ஆட்களின் படமெல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். யாழ்ப்பாணத்து கம்ப்யூட்டர் சேர் ஒருவர் வந்து அதில் லினக்ஸ் என்று ஏதோ போட்டு, உள்ளே இரண்டு டிஸ்க் பூட்டினார். ஒரு படம் வந்தால் இரண்டிலும் சேர்ந்தே பதியுமாம். ஒன்று செத்தால் மற்றது கைகொடுக்குமாம்.

முதலாவதில் இருந்ததெல்லாம் இரண்டாவதுக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சேர் சாப்பிடப் போனார். "இதுல ஏதாச்சும் ஆச்சுன்னா நாளைக்கு நீ வரவேணாம்" என்றார் முதலாளி. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு வருகிற என் மகளுக்குப் பால்மா இந்த வேலையில்தான். கறுப்புத் திரையில் எண்கள் மெல்ல ஏற, கண்ணை எடுக்காமல் நின்றேன். படமெடுக்க வந்த மடுல்சீமைப் பெரியவர் என் பின்னால் நின்று தானும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏம்மா, பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டார்.

மற்றதில் இருக்கும்

கண் மூடிய படங்களை அழிக்க முதலாளி எனக்குக் காட்டித் தந்திருந்தார். ஒரு நாள் லுணுகலைப் பக்கத்து அக்கா ஒருத்தியின் நல்ல படத்தையே அழித்துவிட்டேன். பயப்படவில்லை. அதுதான் மற்ற டிஸ்கில் இருக்கிறதே! படம் வாங்க வந்தவளையும் அப்படியே சொல்லி உட்காரவைத்து, தேத்தண்ணியும் கொடுத்து, சேருக்குப் போன் பண்ணினேன். "தங்கச்சி, நீங்கள் அழிச்சா அது ரெண்டிலயும்தான் அழியும்" என்றார் சேர்.

கொழுந்தெடுக்கிற வேலையை ஒரு நாள் விட்டு வந்தவள். திரும்பவும் கதிரையில் உட்காரவைத்து, அவள் தலையை நேராக்கினேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "விடு தங்கச்சி, தேத்தண்ணியாவது கெடச்சிச்சே" என்றாள்.

பூஜை

அப்புறம் ஒரு டிஸ்க் பழுதாகிவிட்டது. சேர் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, பழுதானதன் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தார். புதியது கொண்டுவந்து மாற்றுகிறேன் என்று போனார். இடையில் ஆயுத பூஜை வந்தது. "எல்லாத்துக்கும் பொட்டு வை" என்றார் முதலாளி. கேமரா, லைட், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் பார்த்தால், இரண்டில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு. ஒரு பிள்ளைக்கு வைத்து மற்றதை விடலாமா? சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, இரண்டுக்கும் வட்டமாகப் பெரிய பொட்டு.

பூஜை முடிந்து வந்த சேர் டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் வைத்த புள்ளி என் பொட்டுக்கு அடியில்; எது பழுதென்று தெரியாமல் நல்லதைக் கழற்றிவிட்டால் படமெல்லாம் போச்சு. முதலாளி முன்பு சொன்னது காதில் கேட்டது. சேர் பழுதானதன் நம்பரைத் திரையில் எடுத்தார்; டிஸ்கில் ஒட்டியிருந்த தாளிலும் அந்த நம்பர் இருக்குமாம். அதற்கு மேல்தான் என் பொட்டு. சேலைத் தலைப்பால் மகள் முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்தேன். நம்பர் தெரிந்தது. சேர் பார்த்துச் சரியானதைக் கழற்றினார்.

சாயங்காலம் கடை பூட்டும்போதுதான் முதலாளி சொன்னார்: "அடுத்த வருசம் பூஜைக்கு ஒனக்கு லீவு."

வேலை போகவில்லை என்று எனக்கு விளங்கவே வீட்டுக்குப் போகிற வழியில் மொட்டைப் பாலத்தடி வளைவு வரை பஸ்ஸில் போகவேண்டியிருந்தது.

மொத்தத்தில், எங்கள் மெஷின் ஒரு படத்தை இரண்டு இடத்தில்தான் வைத்திருக்கும், என் வெட்கத்தையோ மடுல்சீமையிலிருந்து மொனராகலை வரைக்கும் படமெடுக்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பிரதி எடுத்து... முதலாளி கூப்பிடுகிறார், மெஷினுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார், என்னவென்று பார்த்துவிட்டு வந்து...