வலிக்காத வீக்கம்

1943-ஆம் ஆண்டு, மலாயாவில் ஜப்பான்காரர் ஆட்சி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருந்துக்கூடத்தில் நான் டிரசராக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலந்து கொடுப்பது, பல் பிடுங்குவது எல்லாம் என் வேலை. டாக்டர் இருபது மைல் தள்ளியிருந்த கிள்ளானிலிருந்து வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் பலர் என்னையே டாக்டர் என்று கூப்பிட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

சாலையோரத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்கும் ஒரு பெண் ஒருநாள் காலையில் வந்தார். முப்பது வயதிருக்கும். கணவரை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வலது கீழ்த்தாடை எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது.

"ரெண்டு வருசமா இருக்குங்க டிரசரையா. கொஞ்சங் கொஞ்சமா பெருசாவுது. ஆனா வலியே இல்ல."

காய்ச்சலும் இல்லை. விரலால் அழுத்தியபோது எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்து நொறுங்குவதுபோல் இருந்தது. அப்படி ஒன்றை அதுவரை நான் தொட்டதே இல்லை. எனக்குத் தெரியவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பல்லுல சீழ் கட்டியிருக்கும்மா. பிடுங்கிட்டா சரியாப் போயிடும்" என்றேன்.

ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினேன். சீழ் வரவில்லை. வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் வழிந்தது. வீக்கம் வற்றியது. மறுநாள் வாழையிலையில் சுற்றிக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். நானும் பெருமையோடு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான்கு மாதத்தில் வீக்கம் திரும்பி வந்தது.

"பெரிய டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டலாங்களா?" என்று தயங்கிக் கேட்டார்.

"இதுக்குப் போயி டாக்டரா? கீறி விட்டாப் போதும்லா."

உண்மையில் எனக்குப் பயம். சீழே இல்லாத இடத்தில் ஏன் பல்லைப் பிடுங்கினாய் என்று டாக்டர் கேட்டால் என்ன பதில் சொல்வது? மறுபடியும் நீரை வடித்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருடம் மூன்றாம் முறையாக அவர் வந்தபோது முகமே ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அதற்குமேல் மறைக்க முடியாமல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் நிதானமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது சீழ்க்கட்டி இல்லப்பா. பல் உருவாகுற திசுவுலேர்ந்து வளர்ற கட்டி. உள்ள பை பையா தண்ணி இருக்கும். தண்ணிய எடுத்தா வத்துன மாதிரி தெரியும். ஆனா பையோட சுவர் அங்கயேதான் இருக்கும், எலும்பை அரிச்சுக்கிட்டே போகும். போன வருசம் அனுப்பியிருந்தா கொஞ்சத்தோட எடுத்திருக்கலாம். அப்ப மயக்க மருந்து இருந்துச்சு. இப்ப ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்ல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1945 கடைசியில்தான் மருந்தும் எக்ஸ்ரே படமும் கிடைத்தன. அந்தப் படத்தில் தாடை எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சோப்பு நுரைபோலக் குமிழ் குமிழாகத் தெரிந்தது. கீழ்த்தாடையில் பாதியை எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்துப் பார்த்து, உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவும் வகை அல்ல என்றார்கள். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் கன்னம் குழிந்துபோனது. கஞ்சியைத் தவிர எதுவும் சாப்பிட முடியவில்லை. சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய கணவர், மனைவி பேசுவதைக் காதை வாயருகே வைத்து இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டார்.

வார்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் ஒவ்வொரு சொல்லாகக் குழறிச் சொன்னார்.

"தெரியலன்னு சொல்லியிருந்தா, நானே கிள்ளானுக்கு நடந்து போயிருப்பேனே."

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை நிமிர முடியாமல் செய்தது.

அதன் பிறகு எத்தனையோ பேரிடம் "எனக்குத் தெரியல, டாக்டர்கிட்ட போங்க" என்று கூசாமல் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும், அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதை வேறு யாரிடமோ சொல்கிறேன் என்றுதான் இன்றும் தோன்றுகிறது.