மகள் பேசும் கணினி

தொண்ணூறுகளின் கடைசியில் ஆயர் குரோவில் கணினிக் கடை வைத்திருந்தேன். செங் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஒருவர் அந்தத் தொழிற்சாலைச் சட்டையோடே கடைக்கு வருவார். விசைப்பலகையைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

அவருக்கு ஜோகூருக்கு மாற்றல். சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தன் வீட்டுக் கணினியிலுள்ள ஒலிப்பதிவுகளை அங்கிருந்தே கேட்க வேண்டுமாம். இரண்டு வழி சொன்னேன். கணினியை இணையத்தில் நேராகத் திறந்துவிடுவது சுலபம், ஆனால் யாரும் நுழையலாம். டன்னல் என்கிற மூடிய வழி போட்டால் மெதுவாக வரும், ஆனால் கடவுச்சொல் உள்ளவர் மட்டுமே நுழையலாம்.

"டன்னலே போடுங்க தம்பி. வேற யாரும் கேட்கக்கூடாது லா. என் மக குரல். அவ அம்மா செத்ததுலேருந்து யார்கிட்டயும் பேசுறதில்ல. தனியா உக்காந்து கம்ப்யூட்டர் மைக்ல மட்டும் பேசுறா. வீட்ல இருந்தா கதவுக்கு வெளிய நின்னு குரலையாவது கேப்பேன்."

"அவளுக்குத் தெரியுமா அண்ணே?"

"தெரிஞ்சா அதையும் நிறுத்திடுவா."

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போய் வேலையை முடித்தேன். மறுநாள் கடையிலிருந்து இணைத்ததும், சோதித்துப் பார்க்க அவரே ஒரு பதிவைத் திறந்தார்.

"அம்மா, அப்பா ஜோகூர் போறாராம். போகாதீங்கன்னு நான் சொல்லல. சொன்னா அழுதுருவாரு."

அவர் ஒலிபெருக்கியை அணைத்தார். "எடுத்துடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்றே டன்னலை அகற்றினேன். அவர் ஜோகூர் போனாரா, மகளிடம் என்ன சொன்னார், எதுவும் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கென்று அந்தப் பெண் சொன்னதை நானும் கேட்டுவிட்டேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.