வண்டி முதலில் நிற்கட்டும்

“நீ கல்லாவுல உட்கார்ந்த நாள்லேருந்து இந்தக் கடைக்கு வர்ற ஒருத்தன்கூட சிரிச்சுக்கிட்டே வெளிய போகல.”

இது என் கணவரின் புகார், வார்த்தை பிசகாமல். சிரித்துக்கொண்டு போகாவிட்டால் பரவாயில்லை, முழுசாகப் போனால் போதும் என்று நானும் பதில் கொடுத்துவிட்டேன்.

ஏற்கெனவே வேகமாக ஓடும் சின்னக் கார்களை இன்னும் வேகமாக ஓட வைப்பது எங்கள் தொழில். தஞ்சாவூர் பைபாஸில் கடை. கல்லாவில் இருந்த பெண் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனதும், “ஒரு வாரம் மட்டும் உட்காரு” என்றார். மூன்று வருஷமாகிறது. கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே உருப்படியான விஷயம் வரிசை. முதலில் டயர், அடுத்து பிரேக், அப்புறம் ஷாக் அப்சார்பர், கடைசியில்தான் இன்ஜின். வருகிறவர்கள் எல்லாரும் வரிசையைக் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

என் மகளும்தான். திருவாரூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். தினமும் தன் டர்போ காரில் போய் வருகிறாள். வண்டியின் கம்ப்யூட்டரில் கைவைத்து வேகத்தைக் கூட்டுவதற்கு ரீமேப் என்று பெயர். ஒரு மணி நேர வேலை. அது அவளுக்கு உடனே வேண்டும். நல்ல பிரேக் போட வண்டியை ஒரு நாள் கடையில் விட வேண்டும்; அதற்கு மட்டும் நேரமில்லை. பிரேக் போடாமல் ரீமேப் கிடையாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். வீட்டில் வேகப் பைத்தியத்தைப் பெற்று வைத்திருக்கும் தாய்மார்களே, மிச்சம் உங்களுக்கே தெரியும்.

ஊர் கேட்க ஒரு சத்தம்

பூதலூர்க்காரர் ஒருவர். டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். கார் வாங்கி இருபது நாள்தான் ஆகிறது. சைலன்சரை மாற்ற வேண்டும், ரயில் கடந்து போகும்போதும் தன் வண்டிச் சத்தம்தான் ஊருக்குக் கேட்க வேண்டும் என்றார்.

குனிந்து டயரைப் பார்த்தேன். விலையைக் குறைக்க கம்பெனி எங்கே கைவைத்தது என்று தெரிந்தது. “தம்பி, தினம் புது ஆத்துக் கரையோரமா வர்றீங்க. குறுக்க ஒரு மாடு வந்தா இது நிக்குமா?” என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“நிக்கிறதுக்கா அக்கா இவ்வளவு தேடி இந்த வண்டிய வாங்கினேன்?”

தரையோடு தரையாக

துபாயிலிருந்து லீவில் வந்த முத்துப்பேட்டைக்காரர், வண்டியை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கச் சொன்னார். “உங்க ஊருக்குள்ள எத்தனை ஸ்பீடு பிரேக்கர் பாய்?” என்று கேட்டேன். கணவர் கண்ணாலேயே என்னை அடக்கினார். குட்டை ஸ்பிரிங் மாட்டியாயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி.

நாலாம் நாள் பழைய ஸ்பிரிங்கைக் கேட்டு வந்து நின்றார். அம்மாவைப் பட்டுக்கோட்டைக்கு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறார். ஒவ்வொரு மேட்டிலும் அடி தட்ட, அம்மாவை இறக்கிவிட்டு, வண்டியைத் தாண்ட வைத்து, மறுபடி ஏற்றியிருக்கிறார். ஒன்பது தடவை.

“உம்மா என்ன சொன்னாங்க தெரியுமாக்கா? ‘பஸ்ஸுல போயிருந்தா ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கியிருப்பேனே’ன்னாங்க.”

நெல் காயும் ரோடு

மகள் வண்டிக்கு டயரை விட்டுவிட்டு முதலில் ஷாக் அப்சார்பரை மாற்றினார் என் கணவர். “வளைவுல எப்படி ஒட்டிக்கிட்டுப் போகுது பாரு” என்று என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சம்பா அறுப்பு முடிந்த நேரம். அம்மாபேட்டை தாண்டி ஒரு வளைவு. திரும்பினால் பாதி ரோட்டுக்கு நெல் காய்கிறது. வண்டி நெல்மேல் ஏறி, வழுக்கி, இரண்டு கோடு கிழித்து, வைக்கோல் போருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அந்தப் பயத்தில் மறுநாளே புது டயர் வந்தது. பிரேக்கை மட்டும் “அப்புறம் பாக்கலாம்” என்று அப்பாவும் மகளும் தள்ளிவிட்டார்கள். அன்று அங்கே நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மாள் கோபப்படக்கூட இல்லை. ஜன்னல் பக்கம் வந்து நிதானமாகச் சொன்னாள்:

“நல்லாத்தான் கிண்டி விட்டீங்க. திரும்பி வரும்போது அந்த ஓரத்தையும் கொஞ்சம் கிண்டிட்டுப் போங்க.”

வேகத்தைக் குறைக்க வந்தவர்

மூன்று வருஷத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி வந்தவர் ஒரே ஒருத்தர்தான். ஐந்து வேலி நிலம் பார்க்கும் மனிதர்; பஸ்ஸில் வந்தார். மாப்பிள்ளை ஆசைப்பட்டாரென்று கல்யாணத்துக்கு இவரே வாங்கிக்கொடுத்த கார். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துத் தர முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அப்படியெல்லாம் திருட்டுத்தனமாகக் குறைக்க முடியாது, நல்ல பிரேக் போட்டுத் தருகிறோம், மாப்பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சம்பளம் விசாரிச்சேன், ஜாதகம் பார்த்தேன். வண்டி எப்படி ஓட்டுவாருன்னு யாரையும் கேக்கலம்மா. பக்கத்து சீட்டுல எம் பொண்ணுல்ல உட்காந்திருக்கு.”

ஒரு மணி நேர வேலை

போன ஞாயிற்றுக்கிழமை திருவாரூரில் ஒரு கல்யாணம். மகள் ஓட்டினாள், கணவர் முன்னால், நான் பின்னால். நீடாமங்கலம் தாண்டி ஒரு நெல் லாரியை அவள் முந்தியபோது என் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. “எப்படி இருக்கு?” என்றார் கணவர், தான் வைத்த ரசத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி. “சூப்பர்ப்பா” என்றாள். மூன்று வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவளுக்கு இது போதாதா?

“ரீமேப் எப்பப் பண்ணீங்க?” என்றேன்.

“வியாழக்கிழமை நீ பேங்குக்குப் போயிருந்தியே, அப்ப. ஒரு மணி நேர வேலைதானே” என்றார்.

அப்போதுதான் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. மகள் பிரேக்கை மிதித்தாள். ஏறி நின்றே மிதித்தாள் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜவுளிக்கடை விளம்பரத்தின் கடைசி வரி வரைக்கும் என்னால் படிக்க முடிந்தது. காருக்குள் கருகல் வாடை. கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னேன்:

“நாளைக்கு நீ காலேஜுக்கு பஸ்ல போ. நீங்க வண்டிய லிஃப்ட்ல ஏத்தி பிரேக்க மாத்துங்க. ரெண்டு பேர்ல யாராவது சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ரீமேப் செய்தால் ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே பதில் கிடைக்கும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் என் கணவர் அளப்பார். கல்யாண மண்டபத்து வாசல் வந்தும் எனக்கு அந்த ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.