மூடியில் வைத்த பொட்டு

திருகோணமலையில் புல்லு வெட்டுவதற்கென்று ஒருவன் மாதச் சம்பளத்தில் இருந்தான் என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள். மாடும் ஆடும் சும்மா செய்கிற வேலை அது. அன்புவழிபுரத்துக் குலசிங்கம் அந்த வேலையைத்தான் செய்தான். அதையும் நெஞ்சை நிமிர்த்திச் செய்தான்.

உப்புவெளிக் கடற்கரையில் சிவகுருநாதன் ஐயாவின் விடுதி. அதன் முன்னால் பாய் விரித்ததுபோல ஒரு புல்தரை. வெள்ளைக்காரர்கள் துவாயை விரித்து அதில் கிடப்பார்கள். அந்தப் புல்லை ஒரே மட்டத்தில் வைத்திருக்க ஐயா கொழும்பிலிருந்து ஒரு பெற்றோல் மெசின் இறக்கியிருந்தார். கயிற்றை இழுத்தால் உறுமும், பிடித்துத் தள்ளினால் வெட்டும். குலசிங்கத்தைத் தவிர வேறு ஒருவரும் அதைத் தொட ஏலாது.

ஐயா என்று கூப்பிட்டானே தவிர, சிவகுருநாதன் அவனுக்குப் பிறத்தி இல்லை. இரண்டு பேரின் தாய்மாரும் அக்கா தங்கையின் பிள்ளைகள். வயதிலும் குலசிங்கம்தான் மூப்பு. முறைக்குத் தம்பி, வாய்க்கு ஐயா. ஒரு பக்கத்துக்குக் காணியும் படிப்பும் சேர்ந்தது, மற்றப் பக்கத்துக்குச் சேரவில்லை. அவ்வளவுதான் கதை.

சண்டை தொடங்கி வெள்ளைக்காரர் வரத்து நின்றதும் ஐயா விடுதியைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். போகிற அன்று மெசினைக் குலசிங்கத்தின் கையில் பிடித்துக் கொடுத்தார்.

"உதை உம்மட வீட்டில வச்சுப் பாரும். இஞ்ச விட்டா இரும்புக்கு வித்துப்போடுவாங்கள். விடுதி திறக்கிற அண்டைக்கு மெசின் ஓடவேணும். ஓடினா வேலையும் உமக்குத்தான், பின்னுக்கு இருக்கிற அறையும் உமக்குத்தான்."

அந்தச் சொல்லைக் குலசிங்கம் தேவாரம்போல மனப்பாடம் பண்ணி வைத்துக்கொண்டான்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு மெசின் இருந்தது. அவன் பெண்சாதி புஸ்பராணியின் கால் தையல் மெசின். சீதனமாக வந்தது. வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை, சேலைச் சட்டை, தலையணை உறை என்று அன்புவழிபுரத்தில் பாதிப்பேர் அவள் தைத்ததைத்தான் போட்டார்கள். விடுதி பூட்டிய பிறகு அடுப்பு எரிந்ததும் அதனால்தான். ஆயுத பூசைக்கு இரண்டு மெசினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொட்டு வைப்பார்கள். அவள் தன்னுடையதுக்கு வைப்பாள், அவன் தன்னுடையதுக்கு வைப்பான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் செல் விழத் தொடங்கியது. புஸ்பராணியின் தம்பி தம்பிராசா லிங்கநகரிலிருந்து ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

"அத்தான், ஏத்திறதைக் கெதியா ஏத்துங்கோ. ரோட்டைப் பூட்டப் போறாங்களாம்."

அரிசி மூட்டையும் பாத்திரமும் ஏறின. இன்னும் ஒரு சாமானுக்குத்தான் இடம்.

"மெசினை ஏத்து" என்றான் குலசிங்கம்.

"எந்த மெசின்?"

புஸ்பராணி ஏற்கெனவே தையல் மெசினின் மூடியைப் போட்டு, அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் மெசின் என்றால் அவளுக்கு ஒன்றுதான்.

"ஐயாட மெசின்" என்றான் குலசிங்கம்.

"இஞ்சருங்கோ, தலையை மட்டுமாவது கழட்டுவம். மடியில வச்சுக்கொண்டு வாறன்."

"கழட்ட நேரமில்லை. அது நம்பித் தந்த சாமான், புஸ்பம். உன்ரையை நாளைக்கு வந்து எடுப்பம்."

நாளைக்கு என்று ஒரு நாள் வரவில்லை. மாதங்கள் கழித்துப் போனபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. மெசின் நின்ற மூலையில் ஒரு நூல்கட்டை மட்டும் கிடந்தது. எறும்புக்குக்கூடத் தேவைப்படாததால், அள்ளிக்கொண்டு போனவர்கள் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புஸ்பராணி அதையும் எடுக்கவில்லை. அழவுமில்லை. அழுதிருந்தால் குலசிங்கத்துக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு தம்பிராசா வீட்டுப் பின்சுவரோடு ஓலை இறக்கிய பத்திதான் அவர்களுக்கு வீடு. குலசிங்கம் கூலிக்குப் போனான், மூட்டை தூக்கினான், வாய்க்கால் வெட்டினான். தையல்காரி புஸ்பராணி வீடு வீடாக மா இடித்தாள். கிழிந்த சட்டையைக்கூட அவள் கையால் தைத்ததை யாரும் பார்க்கவில்லை. புல்லு மெசின் பத்தியின் மூலையில் படங்கு போர்த்திக்கொண்டு, சாப்பிடாத விருந்தாளியாக நின்றது. தம்பிராசாவின் பெண்சாதி கமலேஸ்வரி அதைத் தாண்டும் போதெல்லாம், "உது நிக்கிற இடத்தில ஒரு ஆடு கட்டினாலும் பால் வரும்" என்பாள்.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு நவராத்திரிக் கடைசி நாளும் புஸ்பராணி சந்தனம் அரைத்துக்கொண்டு பத்திக்குள் போவாள். படங்கின் நுனியைத் தூக்குவாள். மேலே தெரிவது பெற்றோல் டாங்கியின் வட்ட மூடி மட்டும். நெற்றி மாதிரி இருக்கும். அதன் நடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, படங்கை இழுத்து மூடிவிட்டு வருவாள். குலசிங்கம் பார்த்து நெஞ்சு குளிர்வான். மனிசி என்னை மன்னித்துவிட்டாள் என்று எண்ணிக்கொள்வான்.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்றார்கள். பாதை திறந்தது, வெள்ளைக்காரர் வந்தார்கள், ஐயாவும் வந்தார். ஆள்மூலம் சொல்லி அனுப்பினார்: வெள்ளிக்கிழமை மெசினோடு வரட்டும், ஓடினால் பழைய சொல் பழைய சொல்தான்.

குலசிங்கம் படங்கை உரித்தான். கயிற்றைப் பிடித்து இழுத்தான். கயிறு கையோடு வந்துவிட்டது.

அன்றே ஸெய்னுதீனைத் தேடிப் போனான். கிண்ணியாவில் மீன்பிடி வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவன். உப்புத் தண்ணீரில் கிடந்த இயந்திரத்தையே உறும வைக்கிற கை. ஸெய்னுதீனின் வாப்பாவும் குலசிங்கத்தின் தகப்பனும் ஒரே தோணியில் வலை இழுத்தவர்கள். இடையில் வந்த ஆண்டுகளில் இரண்டு சனமும் ஒருவரையொருவர் கண்டு ஒதுங்கிப் போன காலமும் இருந்தது. அதனால் லிங்கநகருக்கு வந்து சைக்கிளை நிறுத்தியவன் படலையிலேயே நின்று, "உள்ளுக்கு வரலாமா அண்ணன்?" என்று கேட்டான்.

"இதென்ன கேள்வி? வா தம்பி."

ஸெய்னுதீன் டாங்கி மூடியைத் திருகி முகர்ந்தான். முகம் சுளித்தது.

"அண்ணன், பெற்றோலை வடிச்சுப்போட்டு வச்சீங்களா?"

"இல்லை. நிறைச்சுத்தான் வச்சனான். திறக்கிற அண்டைக்கு உடன ஓடட்டும் எண்டு."

"நல்ல வேலை பார்த்தீங்க. உள்ளுக்கு வார்னிஸ் காய்ச்சி வச்சிருக்கு."

மூடியை அவன் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான். சந்தனமும் குங்குமமும் ஆண்டுக்கு ஒரு படையாக ஏறிக் காய்ந்து, சிமெந்து பூசியதுபோல இருந்தது. துடைக்கத் துணியை எடுத்தவன், எடுத்த கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "இது உங்கட சாமிப் பொட்டு. நான் கை வைக்கிறது சரியில்ல" என்று, மூடியைத் துப்புரவான ஒரு கல்லின் மேல் தனியாக வைத்தான். குலசிங்கத்துக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது.

பிறகு வேலை தொடங்கியது. சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கம்பி விட்டுக் குத்தி எடுத்தார்கள். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து விட்டு ஊறப் போட்டார்கள். மறுநாள் அசைந்தது. காபரேட்டருக்குள் பெற்றோல் பிசினாகிப் படிந்திருந்தது. மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்புக் கம்பியால் ஸெய்னுதீன் அதன் ஊசித் துவாரத்தைக் குடைந்து குடைந்து ஊதினான். பிளக்கை எமரிப் பேப்பரால் உரசினான். பொறி வரவில்லை. காந்தச் சில்லைக் கழற்றி அதன் துருவையும் உரசினான். பொறி வந்தது. காற்று வடிக்கிற பஞ்சு தொட்டதும் மாவாகக் கொட்டியது. தம்பிராசாவின் பழைய மெத்தையில் ஒரு துண்டு வெட்டிச் செருகினார்கள்.

"தலைக்கு வைக்க மெத்தை இல்லை, மெசினுக்கு மெத்தை" என்றாள் கமலேஸ்வரி.

கடைசியில் வலைக்கயிறு ஒன்றைச் சுற்றி, டாங்கிக்குள் ஒரு சிரட்டைப் பெற்றோல் விட்டு இழுத்தார்கள். இழுத்தார்கள். இழுத்தார்கள். ஒரு தும்மல். பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது. கோழிகள் வேலி தாண்டின. குலசிங்கத்துக்குக் கண் கலங்கியது.

"நிப்பாட்டு தம்பி, நிப்பாட்டு. பெற்றோல் வீண்" என்று கத்தினான்.

சண்டைக் காலத்தில் பெற்றோலைப் போத்தலில் வாங்கி ஒளித்துப் பழகிய ஆளின் வாய், அப்படித்தான் கத்தும். ஸெய்னுதீன் நிறுத்தினான். மூடி அப்போதும் கல்லின் மேல்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை. விடுதி முற்றத்தில் ஐயா நரைத்துப் பருத்து, கதிரை போட்டு இருந்தார். பக்கத்தில் தோளில் மாட்டுகிற புதுப் புல்வெட்டியோடு, குத்தகைக்குப் புல்லு வெட்டுகிற ஒரு கொந்தராத்துக்காரன். குலசிங்கம் டாங்கியை நிறைத்தான். பொட்டு மேலே பார்க்க, மூடியை இறுகத் திருகினான். முதல் இழுவையிலேயே மெசின் எழும்பியது.

"அட, குலசிங்கம்!" என்று ஐயா எழும்பியே விட்டார்.

ஒரு வரி வெட்டிக்கொண்டு கடல் பக்கம் போனான். திரும்பி ஒரு வரி வந்தான். பச்சைப் புல்லின் மணம் எழும்பியது. அந்த மணத்துக்காகத்தானே இவ்வளவும். மூன்றாம் வரியின் பாதியில் மெசின் இரண்டு விக்கல் விக்கி நின்றது.

இழுத்தான். இல்லை. பிளக்கைத் துடைத்து இழுத்தான். இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்து இழுத்தான். எழும்பியது, நாலடி போனது, செத்தது. டாங்கி நிறையப் பெற்றோல் குலுங்கியது.

"பெரியவர், அதைத் தள்ளிக்கொண்டு போறதைவிட ஒரு மாட்டைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கலாம்" என்றான் கொந்தராத்துக்காரன்.

ஐயா சிரிக்கவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. "குலசிங்கம், உம்மிலும் பிழையில்லை, மெசினிலும் பிழையில்லை. ரெண்டும் பழசாப் போச்சு. போய்த் தேத்தண்ணி குடியும்" என்றுவிட்டு, மற்றவனுக்குக் கையைக் காட்டினார்.

குலசிங்கம் தேத்தண்ணி குடிக்கவில்லை. மெசினைத் தள்ளிக்கொண்டு லிங்கநகருக்கு வந்தான். பெற்றோலையாவது போத்தலில் ஊற்றி வைப்போம் என்று பத்தி வாசலில் மூடியைத் திருகினான்.

'உஸ்ஸ்' என்றது.

உள்ளுக்குக் காற்று இழுபட்ட சத்தம். குலசிங்கம் அப்படியே குந்தி இருந்துவிட்டான். டாங்கி மூடியின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துவாரம் உண்டு. பெற்றோல் இறங்க இறங்க, அதன் வழியாகத்தான் உள்ளே காற்றுப் போகவேண்டும். அது அவனுக்குத் தெரிந்ததுதான். அதனால்தான் அந்த நாளில் அவன் பொட்டைப் பக்கத் தகட்டில் வைப்பான். அவள் மன்னித்துவிட்டாள் என்ற குளிர்ச்சியில் அது மறந்தே போயிருந்தது. மூச்சு விடுகிற இடம் சந்தனத்துக்குள் சமாதியாகி இருந்தது.

"புஸ்பம்!"

அவள் உலக்கையை வைத்துவிட்டு வந்தாள்.

"ஏனப்பா உதில பொட்டு வச்சனீ? மூச்சோட்டையை அடைச்சுப் போட்டியே. என்ர வேலை போச்சு. அறை போச்சு."

அவள் மூடியையும் அவனையும் பார்த்தாள்.

"உங்கட மெசினுக்கு ஆர் பொட்டு வச்சது?" என்றாள். "நான் வச்சது என்ர மெசினுக்கு. அது எங்க நிக்குதோ, ஆற்ற வீட்டில ஓடுதோ. பொட்டு வைக்க அந்த வீட்டுக்கா போக ஏலும்? வண்டியில அதின்ர இடத்தில ஏறி வந்தது இதுதானே. அதான் இதில வச்சன்."

அவள் தாலிக்கொடியில் கொழுவியிருந்த ஊசியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "குத்துங்கோ."

குத்தினான். சந்தனம் துண்டு துண்டாகப் பெயர்ந்தது. மூடியைப் போட்டு இழுத்தான். புல்லே இல்லாத முற்றத்தில், மண்ணைக் கிளப்பிக்கொண்டு மெசின் ஓடியது, ஓடியது. இந்தமுறை பெற்றோல் வீண் என்று அவன் கத்தவில்லை. டாங்கி வற்றும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விடிந்ததும் உப்புவெளிக்கு நடந்தான். புல்தரை மொட்டை அடித்ததுபோல வெட்டிக் கிடந்தது.

"ஐயா, ஒரு சின்ன ஓட்டைதான் பிழை. இப்ப சோக்கா ஓடுது. விடுதி திறக்க முதல் ஓடிப்போட்டுது. நீங்கள் சொன்ன சொல்லு..."

"ஓமோம். ஆனா நேற்றே அவனோட ஒரு வருசத்துக்குப் பேசிப்போட்டன், குலசிங்கம். அறையும் அவன்ர ஆக்களுக்குத்தான். மெசின் ஓடுதெண்டீர்? அப்ப நல்லது. ஆளை அனுப்பிறன், அவனே வச்சு வெட்டட்டும்."

முறைக்குத் தம்பி.

கொந்தராத்துக்காரன் பெட்டி பூட்டிய ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு லிங்கநகருக்கு வந்தான். "பெரியவர், ஓட்டிக் காட்டுங்கோ" என்றான். குலசிங்கம் கயிற்றை இழுத்தான். உறுமியது. நிறுத்தினான். அவ்வளவு போதும் என்றான் அவன், பெற்றோல் வீண் என்றான்.

பெட்டியில் ஏற்றப் போகிற நேரம் புஸ்பராணி குசினிக்குள்ளிருந்து வந்தாள். கையில் வெண்கலக் கிண்ணம்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. இவ்வளவு காலம் எங்களோட இருந்தது. வெறும் நெத்தியோட அனுப்பப்படாது."

"வையுங்கோ அம்மா, வையுங்கோ" என்றான் அவன், பக்தியாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு.

அவள் சந்தனத்தை வழித்து எடுத்து, மூடியின் நடுவில் பெருவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அதன்மேல் குங்குமம் வைத்தாள். குலசிங்கம் பார்த்துக்கொண்டு நின்றான். சந்தனம் நல்ல தடிப்பு. பொட்டு அழியாமல் மெசினைப் பெட்டியில் தூக்கி வைத்தான்.